கூடாது என்று போட்ட வட்டம்

மார்ச் 2

தொகிகோ அக்காவுக்கு,

குளிர் விட்டதா, பிளம் மரம் பூத்ததா என்று விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வருவதுதான் கடிதம் எழுதும் முறை. இன்று எனக்கு அந்த முறை வேண்டாம். கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. நாங்கள் இசோதானி பள்ளிக்கூட முகாமில் இருக்கிறோம் என்று அந்த ஆளிடம் யார் சொன்னது?

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கையில் பையும் ஒரு கையில் ரிஹோவுமாக உங்கள் நகராட்சி ஜன்னல் முன்னால் வந்து நின்றேன். அப்போது அவளுக்கு ஒன்பது வயது, இடது காதில் கட்டு. யார் அடித்தது என்று நீங்கள் கேட்கவில்லை. பதிவேட்டில் எங்கள் பேருக்குப் பூட்டுப் போட்டீர்கள். புருஷனே வந்து கேட்டாலும் முகவரி கொடுக்கக் கூடாது என்கிற பூட்டு. "நான் இந்த சீட்டுல இருக்கிறவரைக்கும் உன் பேரு இந்த ஆபீஸ் வாசலைத் தாண்டாது, போ, போய் நிம்மதியா தூங்கு" என்றீர்கள். மூன்று வருஷம் தூங்கினேன்.

பூகம்பம் வந்த ஆறாம் நாள் மத்தியானம் நீங்கள் அரங்கத்தில் இல்லை, அதனால் சொல்கிறேன். பன்றிக்கறி போட்ட மிசோ சூப்புக்கு எல்லோரும் வரிசையில் நின்றோம். அவர் இரண்டு பெட்டி ஆரஞ்சோடு உள்ளே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரமாக வைத்தார். ஒவ்வொரு பாயாகப் போய்க் குனிந்து வணங்கினார். "என் சம்சாரத்தையும் பிள்ளையையும் காப்பாத்திக் குடுத்திருக்கீங்க. இந்தக் கடனை எப்பிடித் தீர்ப்பேன்" என்று அழுதார். அரங்கமே கண்ணைத் துடைத்தது. சிலர் கை தட்டினார்கள். மீன்கடை நகாசே அம்மாள் எழுந்து நின்று, "ஏ கனாயே! யாரு வந்திருக்காங்க பாரு! இன்னும் என்ன சூப்பு, ஓடி வாடி!" என்று கத்தி எனக்கு வழி விலக்கிக் கொடுத்தாள். நல்ல பொம்பளை, என்மேல் உயிரையே வைத்திருந்தவள். ரிஹோவின் கை தன்னால் இடது காதுக்குப் போயிற்று. அந்தக் காதைக் கேட்காமல் ஆக்கியது அந்த மனுஷன்தான் என்று அங்கே யாருக்குத் தெரியும்?

கழிவறைப் பக்கத்துக் கதவு வழியாக, உள்ளரங்கச் செருப்போடு, நீச்சல் குளத்தைச் சுற்றிப் பனியில் ஓடினோம். அதற்கு மேல் சொல்வதற்கில்லை.

அக்கா, முதல் நாள் நீங்கள்தான் எனக்கு அட்டையும் பேனாவும் கொடுத்தீர்கள். அதில் ஒரு கேள்வி இருந்தது. 'உங்களைத் தேடி யாராவது கேட்டால், இங்கே இருப்பதாகச் சொல்லலாமா?' கீழே இரண்டு சொல்: சொல்லலாம், கூடாது. எது சரியோ அதைச் சுற்றி வட்டம். நான் 'கூடாது' என்பதைச் சுற்றினேன். "நல்லா அழுத்திப் போடு, பளிச்சுனு தெரியட்டும்" என்று சொன்னதும் நீங்கள்தான். பிறகு எப்படி?

பதிலை மாகாணத் தலைநகரில் இருக்கும் பெண்கள் ஆலோசனை மையத்துக்கு அனுப்புங்கள். உறையை மாற்றி எனக்கு அனுப்பிவிடுவார்கள்.

கனாயே

●

மார்ச் 14

அன்புள்ள கனாயேவுக்கு,

கூரையில் பனி உருகிச் சொட்டத் தொடங்கிவிட்டது. இடிந்த வீடுகளுக்கு நடுவிலும் பிளம் மரங்கள் நாள் தவறாமல் பூத்திருக்கின்றன. நீயும் ரிஹோவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் படித்து மனம் மிகவும் வருந்தியது. இங்கே இன்னும் குழாயில் தண்ணீர் வரவில்லை. ராணுவம் போட்டுக் கொடுத்த கூடாரத்தில்தான் வாரத்துக்கு இரண்டு முறை குளியல். அந்த முதல் வாரத்தில் நகராட்சிக்கு ஒரு நாளைக்கு நானூறு போன் வந்தது. நாங்கள் பதினோரு பேர். வெளியூர்களிலிருந்து உதவிக்கு வந்தவர்களும் போன் எடுத்தார்கள். யார் எதைச் சொன்னார்கள் என்று இப்போது பிரித்துச் சொல்வது சிரமம். யாராக இருந்தாலும் அட்டையைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

நான் அட்டையை எடுத்துப் பார்த்தேன், கனாயே. உன் அட்டையில் 'சொல்லலாம்' என்பதைச் சுற்றித்தான் வட்டம் இருக்கிறது. அன்றைக்கு நிலம் ஆடிக்கொண்டே இருந்தது, உனக்கும் கை நடுங்கியிருக்கும். அப்படி ஒரு நேரத்தில் எதைச் சுற்றினோம் என்று யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்? உன்மேல் தப்புச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே.

நிவாரணப் பணி எப்படி நடந்தது, தனிநபர் விவரங்களை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்க்க மாகாணம் ஓர் ஆய்வுக் குழு போட்டிருக்கிறது. உன் விஷயமும் அவர்கள் முன்னால் வரும். எல்லாம் முறைப்படி நடக்கும்.

பருவம் மாறும் நேரம், உடம்பைப் பார்த்துக்கொள்.

தொகிகோ

●

ஏப்ரல் 3

தொகிகோ அக்காவுக்கு,

பிளம் பூவாம்! உங்களைக் கேட்ட கேள்வி என்ன, நீங்கள் எழுதியிருப்பது என்ன? அலுவலகச் சுற்றறிக்கைக்கு உறை போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். என் சமையலறைத் தரையில் உட்கார்ந்து முள்ளங்கி ஊறுகாயைக் கையால் எடுத்துத் தின்ற தொகிகோ அக்கா எங்கே போனாள்?

எனக்கா ஞாபகம் இல்லை? நான் எதை வேண்டுமானாலும் மறப்பேன். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடி வருவேன். அந்த வட்டத்தை மறப்பேனா? அந்தச் சொல்லைச் சுற்றத்தான் வீட்டைவிட்டு வந்தேன். அழுத்திய அழுத்தில் காகிதம் கிழிந்தது. "மெதுவாடி, மேசையில ஓட்டை போட்டுறப் போற" என்று சிரித்தீர்கள். உங்களுக்குத்தான் ஞாபகம் இல்லையா, இல்லை ஞாபகம் இருக்கக் கூடாது என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா?

ஆய்வுக் குழுவின் இடைக்கால அறிக்கை பத்திரிகையில் வந்திருக்கிறது. நான்கு வரி. 'சம்பந்தப்பட்டவர் தம் விவரத்தைத் தெரிவிக்க ஒப்புதல் அளித்திருந்தார். நகராட்சியின் நடவடிக்கையில் குறை காணப்படவில்லை.' சம்பந்தப்பட்டவர் நான்தான். ஆளே சம்மதித்தாள், அப்புறம் ஏன் ஓடினாள் என்று படிக்கிறவர்கள் கேட்பார்கள்.

கேட்கிறவர்கள் கேட்கட்டும், அது எனக்குப் பெரிதில்லை. அந்த ஆள் எங்கள் பக்கம் வரக் கூடாது என்று நீதிமன்றம் போட்ட உத்தரவு ஜூலையோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்க வேண்டும். அவருடைய வக்கீல் இந்த நான்கு வரியை வெட்டி மனுவில் ஒட்டியிருக்கிறார். உண்மையில் பயந்தவள் தான் இருக்கும் இடத்தைச் சொல்லச் சம்மதிப்பாளா என்று கேட்டிருக்கிறார். எங்கள் வக்கீல் அம்மா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்: "அந்த அறிக்கை இப்பிடியே முடிஞ்சா, உத்தரவு கெடைக்கிறது கஷ்டம்."

ரிஹோவுக்கு ஒரு காதுதான் மிச்சம் இருக்கிறது, அக்கா.

நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியும். தெரியாதவருடைய கடிதம் அவ்வளவு பணிவாக இருக்காது.

கனாயே

●

ஏப்ரல் 20

கனாயே,

நான்தான்.

ஐந்து தாளைக் கிழித்துப் போட்டேன். எப்படி ஆரம்பித்தாலும் கடைசியில் இந்த ஒரு வார்த்தைக்குத்தான் வந்து நின்றது. அதனால் அதை முதலில் எழுதிவிட்டேன்.

மூன்றாம் நாள் அலுவலகக் கூரை ஒழுகி, முகாம் அட்டைகள் வைத்திருந்த பெட்டி நனைந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு அட்டை. மத்தியானத்துக்குள் மாகாணத்துக்குக் கணக்குப் போக வேண்டும், பேர் இல்லாதவருக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் வராது. எல்லாவற்றையும் புது அட்டையில் பெயர்த்து எழுது என்று பிரிவுத் தலைவர் கிதோ சொன்னார். வட்டம் கரைந்துபோனவற்றுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "'சொல்லலாம்'னே போட்டுரு. ஜனங்க போன்ல அழுவுறாங்க, நாம இருக்காங்களான்னு கூடச் சொல்ல மாட்டோம்னா அது மனுசத்தனமா?" என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. போட்டேன். ஐம்பது அறுபது அட்டைக்கு மேல் யாருடைய பேர் என்றுகூடப் பார்க்கவில்லை, கை தன்பாட்டுக்கு வட்டம் போட்டது. உன் அட்டையும் அந்தக் கட்டுக்குள் இருந்தது. உன் வட்டம் கரைந்திருந்தது. காகிதம் கிழிந்திருந்ததைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் கைத்தவறு என்று சொல்லிக்கொள்ளலாம். இல்லை.

ஐந்தாம் நாள் போன் எடுத்ததும் நான்தான். "இவாசே கனாயேவோட புருஷன் பேசறேன். அவங்க உசுரோட இருக்காங்களா, அதை மட்டும் சொல்லுங்க. எங்கேன்னு கூட வேண்டாம்" என்றார். நான் சொல்ல முடியாது என்றேன். "பாப்பாவோட காது மருந்து தீர்ந்திருக்கும். அதையாவது யாராவது வாங்கிக் குடுங்க" என்று தேம்பினார். நான் உன் அட்டையை எடுத்தேன். 'சொல்லலாம்' என்று வட்டம் இருந்தது, என் கையெழுத்தில். அது பொய் என்று எனக்கு அந்த நிமிஷம் தெரியும், கனாயே. நீ பேனாவை அழுத்தியது கண் முன்னால் வந்தது. ஆனாலும் வட்டம் இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பள்ளிக்கூட அரங்கத்துல" என்றேன்.

ஏன் என்று கேட்பாய். அன்று காலையில் என் தம்பி குனிஹிரோவைத் தேடி எட்டு முகாமுக்குப் போன் போட்டிருந்தேன். எட்டிலும் ஒரே பதில். "தனிநபர் விவரம், சொல்லக் கூடாதுங்க." ஒருத்தி மட்டும், "மன்னிச்சுக்கங்கம்மா, எனக்கும் சொல்லணும்னுதான் இருக்கு" என்றாள். அந்தப் பதிலை இன்னொருத்தருக்கு என் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. குனிஹிரோ எந்த முகாமிலும் இல்லை. இடிந்த படகுக் கொட்டகைக்கு அடியில் இருந்தான். பன்னிரண்டாம் நாள்தான் எடுத்தார்கள்.

இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நீ கேட்டாய்.

தொகிகோ

●

மே 10

தொகிகோ அக்காவுக்கு,

குனிஹிரோ அண்ணன் போனது எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டு நீர்க்குழாய் உறைந்தபோது வந்து, காசு வேண்டாம் என்று இரண்டு கருவாட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போனவர். ஊதுவத்தி கூட ஏற்ற முடியாத தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ரிஹோ அழுதாள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை பச்சைப் பச்சையாகத் திட்டினேன், பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டி என்ன ஆயிற்று என்று கேட்டாள். தெரிந்தே சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. வேறு யாராவது என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். நீங்கள் என் பூட்டு, அக்கா. பூட்டே கள்ளனுக்குக் கதவைத் திறந்தால் நான் யாரைத்தான் நம்புவது?

மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. ஆனால் ஒன்று செய்யுங்கள். எனக்கு எழுதியதை அந்தக் குழுவுக்கும் சொல்லுங்கள். வேலைக்கு ஆபத்து வரும், தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். கேட்கும் உரிமை எனக்கு உண்டு.

இங்கே நாங்கள் இருக்கிறோம். ஊர்ப் பேர் எழுத மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். காலையில் மீன் பணியாரத் தொழிற்சாலையில் வேலை, தலைமுடியெல்லாம் மீன் வாடை. சரிவில் ஏறும் டிராம் வண்டி ஒவ்வொரு முறையும் எங்கள் ஜன்னலை உலுக்கிவிட்டுப் போகிறது. ரிஹோ பள்ளியில் பித்தளை வாத்தியக் குழுவில் சேர்ந்துவிட்டாள்! ஹார்ன் வாசிக்கிறாள். இவளுக்கு ஒரு காதுதான் என்று சொன்னதற்கு அந்த வாத்தியார், "எனக்கு ரெண்டு காது இருந்தும் சுருதி சேரலை, வாங்க" என்றாராம். பைத்தியக்கார மனுஷன், பனிக்காலத்திலும் வெறுங்காலோடு நின்றுதான் குழுவை நடத்தும் கோலை ஆட்டுவார். ஜூலையில் துறைமுகத் திருவிழாவில் வாசிக்கப் போகிறார்கள். மூன்று வருஷத்தில் முதல் முறையாக வீட்டுக்குள் சத்தம் போட்டு நடக்கிறாள்.

இதையெல்லாம் உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. சொல்ல வேறு யாரும் இல்லை, அதனால்தான்.

கனாயே

●

ஜூன் 15

என் கனாயே,

சொல்லிவிட்டேன்!

கிதோ என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க, குழுவின் ஐந்து பேர் முன்னால், ஒன்று விடாமல் சொன்னேன். ஒழுகிய கூரை, கரைந்த வட்டம், போன், என் பொய். குழுத் தலைவி ஓய்வுபெற்ற நீதிபதி, கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். "நீங்க சொல்றது சரி. ஆதாரம்?" என்றார். நனைந்த பழைய அட்டைகளைக் கேட்டார். கிதோ எழுந்து, அவை தனிநபர் விவரம் என்பதால் விதிப்படி இயந்திரத்தில் போட்டு நறுக்கிவிட்டோம் என்றார். கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார்.

ஆக, நீ 'கூடாது' என்று போட்டதற்கு உலகத்தில் மிச்சம் இருந்த சாட்சி உன் கடிதங்கள்தான். மூன்றையும் கொடுத்தேன். உன்னைக் கேட்டுவிட்டுக் கொடுத்திருக்க வேண்டும். மையம் வழியாகக் கடிதம் போய்வரப் பத்து நாள் ஆகும், குழுவோ மறுநாள் சாட்சியம் கேட்பதை முடிக்கிறது. மூன்றாவது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். மற்ற இரண்டும் கோபத்தில் இட்டுக்கட்டியதாக இருக்கலாமே என்று கிதோ முனகினார். இவள் எப்படிப்பட்டவள் என்று அவர்கள் பார்க்கட்டும் என்று அதையும் நீட்டினேன். தலைவி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இறுதி அறிக்கை நேற்று வந்தது. 'ஒப்புதல் அளிக்கப்படவில்லை. அட்டை நகராட்சியால் மாற்றி எழுதப்பட்டது. பொறுப்பு முழுவதும் நகராட்சியைச் சேரும்.' இதை உன் வக்கீல் அம்மாவிடம் கொடு. இனி எந்த வக்கீல் வந்து எதை ஒட்டுவான், பார்ப்போம்!

அறிக்கையையும் இணைப்புகளையும் மக்கள் பார்வைக்காக மாகாணத்தின் இணையதளத்தில் போட்டிருக்கிறார்கள். பயப்படாதே, உன் பேர், ரிஹோ பேர், தேதி எல்லாவற்றையும் கறுப்பு மையால் அடைத்துவிட்டார்கள். சோற்றின்மேல் கறுப்புக் கடற்பாசித் தாள் விரித்த மதியப் பொட்டலம் மாதிரி இருக்கிறது பக்கம். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

என்னைக் குப்பை வண்டிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். "தொகிகோ, நீ நல்லவதான். ஆனா உன்னை வச்சுக்கிட்டு ஆபீஸ் நடத்த முடியாது" என்றார் கிதோ. யாரும் என்னோடு தேநீர் குடிப்பதில்லை. போகட்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

ரிஹோ வாசிப்பதைக் கேட்க ஒரு நாள் எனக்கு அனுமதி கொடுப்பாயா? அவசரமில்லை. நீ எப்போது சொல்கிறாயோ அப்போது.

தொகிகோ

●

ஜூலை 24

தொகிகோ அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. நீதிமன்றம் உத்தரவைப் புதுப்பித்துவிட்டது. உங்கள் சாட்சியத்தால்தான். நீதிபதி அறிக்கையின் வரிகளைப் படித்தே தீர்ப்புச் சொன்னார். இதற்காக நான் உங்களுக்குத் தலை வணங்க வேண்டும், வணங்குகிறேன்.

இரண்டாவது செய்தி. உத்தரவு கிடைத்த மூன்றாம் நாள் துறைமுகத் திருவிழா. பள்ளிக் குழு மேடை ஏறியது. நான் பக்கவாட்டில் மற்ற தாய்மார்களோடு நின்றுகொண்டிருந்தேன். இரண்டாவது பாட்டின் நடுவில் ரிஹோ ஹார்னை மடியில் இறக்கி வைத்தாள். வாத்தியார் அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. மூன்றாம் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆள் அங்கே உட்கார்ந்து, மற்ற அப்பாக்களைப் போலவே செல்போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டதற்கு, ஒளிக்கவே இல்லை. அரசாங்கத்தின் இணையதளத்தில் படித்தேன் என்றாராம். எங்கள் பேரையெல்லாம் அடைத்தவர்கள் டிராம் வண்டியை விட்டுவிட்டார்கள். மீன் பணியாரத்தை விட்டுவிட்டார்கள். வெறுங்காலோடு நிற்கும் வாத்தியாரை விட்டுவிட்டார்கள். அந்த வாத்தியார் கோலை ஆட்டும் படம் இணையத்தில் நாலு இருக்கிறது, பள்ளியின் பேரோடு. சரிவில் டிராம் ஓடும் துறைமுகம் இந்த நாட்டில் எத்தனை இருக்கப் போகிறது? தேட அந்த ஆளுக்கு ஒரு சாயங்காலம் போதுமாயிருந்திருக்கிறது. நீங்களும் குழுவும் நல்ல எண்ணத்தில்தான் எல்லாவற்றையும் கறுப்பாக்கினீர்கள்.

எனக்கு உங்கள்மேல் கோபம் வந்தால் பரவாயில்லை என்று இருக்கிறது. வரவில்லை. முதல் முறை எதிரியிடம் சொன்னீர்கள், இந்த முறை எனக்காகச் சொன்னீர்கள். இரண்டு முறையும் ரிஹோதான் ஓடினாள். என்னைக் கேட்டிருக்கலாம், அக்கா. பத்து நாள் காத்திருக்கலாம். குழு முடிந்தால் முடிந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்திருக்கலாம். அந்த மூன்றாவது கடிதத்தை நான் குழுவுக்கு எழுதவில்லை, நீதிபதி அம்மாள் கண்ணாடியைத் துடைப்பதற்காகவும் எழுதவில்லை. உங்களுக்கு எழுதினேன். பாவிப் பெண்ணே, உங்களுக்கு மட்டும்தான் எழுதினேன்.

ரிஹோ ஹார்னைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்தாள். அதைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

மூன்றாவது முறையாக ஊர் மாறியிருக்கிறோம். இந்த முறை மையத்துக்கும் எங்கள் முகவரி தெரியாது, வக்கீல் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் எழுதினால் அவள் திருப்பி அனுப்பிவிடுவாள், அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைக் கூட அவள் வேறொரு ஊருக்குப் போகும்போது அங்கிருந்து தபாலில் போடுவாள். முத்திரையைப் பார்த்து எதையும் யோசிக்க வேண்டாம். படித்துவிட்டு எரித்துவிடுங்கள். இந்த ஒன்றையாவது நான் சொன்னபடி செய்யுங்கள்.

நீதிமன்ற அனுமதியோடு பேரையும் மாற்றிக்கொள்கிறோம். என்னுடையதை வக்கீல் அம்மா தேர்ந்தெடுத்தாள், எனக்கு எதுவானாலும் ஒன்றுதான். ரிஹோ தன்னுடையதைத் தானே தேர்ந்தெடுத்தாள். நான்கு நாள் நோட்டு நிறைய எழுதி எழுதி அடித்துவிட்டு, கடைசியில் ஒன்றைப் பிடித்தாள். அழகான பேர். "தொகிகோ பெரியம்மாவுக்குப் பிடிக்கும்ல?" என்று கேட்டாள். பிடிக்கும் என்றேன். "அவங்ககிட்ட சொல்லலாமா?" என்று கேட்டாள்.

கூடாது என்று சொல்லிவிட்டேன்.

கனாயேவாக இருந்தவள்